கைக்குள் ஒரு தையல் யந்திரம்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இரண்டு வகைப்படுவார்கள். அம்மனைத் தரிசிக்கப் போகிறவர்கள் ஒரு வகை; கடைகளைத் தரிசிக்கப் போகிறவர்கள் மற்றொரு வகை. நான் முதல் வகையைச் சேர்ந்தவன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு ஆண்டிபட்டியில் பஸ் ஏறுவது வழக்கம். திரும்பி வரும்போது கையிலுள்ள பொட்டலங்களைப் பார்த்து என் மனைவி உண்மையைத் தெரிந்துகொண்டுவிடுவாள்.

மூன்று வருஷங்களுக்கு முன் அவ்விதம் திரும்பி வந்தபோது என் கையில் இருந்தது ஒரு தையல் யந்திரம். "தையல் யந்திரத்தைக் கையிலா தூக்கிக்கொண்டு வந்தீர்?" என்று நேயர்கள் வியப்படைய வேண்டாம். அது சட்டைப் பைக்குள் பாதி நுழையும். பாதி வெளியே நிற்கும். அவ்வளவுதான் அதன் உருவம். காகிதங்களைச் சேர்த்துக் கவ்வுகிற ஸ்டேப்ளரைச் சற்றுப் பருமனாகச் செய்தால் எப்படியிருக்குமோ, அப்படியிருக்கும். வயிற்றில் நான்கு சிறிய பாட்டரிகள். விலாவில் ஒரு நூல் உருளை. முனையில் ஓர் ஊசி. பொத்தானை அமுக்கினால் குளவிக் கூட்டைக் கலைத்ததுபோல ஒரு சப்தம். துணியின் ஓரத்தை ஊசிக்குக் கீழே காட்டினால், அது தானாகவே நகர்ந்து மறுபக்கம் தைத்த துணியாக வெளிவருகிறது. கடைக்காரர் சொன்ன விலை 400 ரூபாய். பேரம் பேசி 350-க்கு வாங்கினேன். பேரம் பேசத் தெரிந்தவன் என்ற பெருமை மறுநாள் மாலை வரையில் எனக்கு இருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் அதையே 250 ரூபாய்க்கு வாங்கி வந்து காட்டினார்.

கடைக்காரர் கெட்டிக்காரர். ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டு, கைக்குட்டை ஒன்றை இரண்டாக மடித்து, 'டர்ர்ர்' என்று ஒரே ஓட்டமாகத் தைத்துக் கூட்டத்துக்கு நடுவே உயர்த்திப் பிடித்தார். "இது ஒன்று வீட்டில் இருந்தால் தையல்காரர் வீட்டுக்கு நடக்க வேண்டாம். தாய்மார்கள் வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம்!" என்று முழங்கினார். இப்போது யோசித்துப் பார்க்கையில் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. தைத்த துணியை அவர் குறுக்கே இழுத்துக் காட்டினார். நீளவாட்டில் இழுத்துக் காட்டினார். ஆனால் தையல் முடிந்த இடத்தில் தொங்கிக்கொண்டிருந்த நூல் நுனியை மாத்திரம் அவர் தொடவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய வேஷ்டித் துண்டு ஒன்றில் நானும் அதே வித்தையைச் செய்து காட்டினேன். என் மனைவி துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடிப்பக்கம் வேறு மாதிரியல்லவா இருக்கிறது? இது நிற்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சரித்திரத்தில் எந்தப் புதிய கண்டுபிடிப்புத்தான் ஆரம்பத்தில் சந்தேகிக்கப்படாமல் இருந்தது என்று நான் ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். சரித்திர ஆசிரியனைக் கணவனாக அடைந்தவர்கள் இத்தகைய பிரசங்கங்களுக்குப் பழகிப்போனவர்கள். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்கள் அந்தச் சிறிய யந்திரம் எனக்கு மிகவும் உபகாரமாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூட நாடக மேடையின் திரைச்சீலை கீழ் ஓரம் அவிழ்ந்து தொங்கிற்று. அந்தப் பெரிய திரையைக் கம்பியிலிருந்து கழற்றி, மடித்து, தையற்கடைக்குச் சுமந்துபோய், திரும்பக் கொண்டுவந்து மாட்டுவது என்றால் ஒருநாள் வேலை. நான் திரை தொங்கியபடி தொங்க, ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கால் மணி நேரத்தில் ஓரத்தை அடித்துவிட்டேன். பெரிய தையல் யந்திரத்திடம் துணிதான் போக வேண்டும். இந்தச் சிறிய யந்திரமோ துணி இருக்கும் இடத்துக்குத் தானே போகும். அதன் குணங்களில் தலையானது இதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மற்றொரு சமயம், பேச்சுப் போட்டிக்காக மாணவன் ஒருவனை மதுரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் ஊர் ரயிலைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரையில் 1928-ஆம் வருஷத்தில் போட்ட சிறிய பாதை அது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் வருஷக் கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். பிறகு 2022-ஆம் வருஷம் மே மாதத்தில்தான் தேனி வரையில் வண்டி வந்தது. பதினோரு வருஷங்களுக்கு மேல் ரயிலைக் காணாத ஊரல்லவா? வண்டி நின்றால் எல்லோரும் ஒரே வாசலில் ஏறுகிறோம். அந்த நெரிசலில் பையனுடைய சட்டையின் தோள் தையல் விட்டுப்போயிற்று. வண்டி கணவாயைத் தாண்டி உசிலம்பட்டி சேர்வதற்குள் நான் அதைத் தைத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மேடையில் பையன் கையை வீசிப் பேசினான்; தையலும் நின்றது; பரிசும் கிடைத்தது. இப்படியெல்லாம் ஒரு பொருள் நமக்கு உதவி செய்துவிட்டால், அதன்மேல் நமக்கு வருகிற அபிமானம் சாமானியமானதல்ல. அதற்கு இல்லாத யோக்கியதைகளையும் நாமே கொடுத்துவிடுகிறோம். எனக்கு அதுதான் நேர்ந்தது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மாள் இருக்கிறார். அவருடைய மகள் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். ஆண்டிபட்டிக்கு அருகில் சக்கம்பட்டி என்றால் நெசவுக்குப் பெயர் போனது, டி. சுப்புலாபுரமும் அப்படியே. அந்தப் பக்கத்துப் பருத்திச் சேலைகள் பல ஊர்க் கடைகளுக்குப் போகின்றன. அந்த அம்மாளின் கணவர் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர், நோயில் படுத்துவிட்டார். அம்மாள் சேலைகளுக்கு ஓரம் மடித்துத் தைப்பதும், கீழ்ப்புறம் ஃபால்ஸ் வைத்துக் கொடுப்பதுமாகக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கையால், சாதாரண ஊசியால். ஒருநாளைக்கு நான்கு சேலை முடித்தால் அதிகம். கண் வலிக்கும், கழுத்து வலிக்கும்.

திரைச்சீலையை நான் தைத்ததை அவருடைய மகள் பார்த்திருக்கிறாள். வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"சார், நீங்க வச்சிருக்கிற சின்ன மெஷின் மாதிரி ஒண்ணு வாங்கினா, சேலை வேலைக்கு ஆகுமா? படிச்சவங்க நீங்க. கேட்டுட்டு வாங்கலாம்னு வந்தேன்."

நேயர்களே, எனக்குத் தையல் தெரியாது. அந்த யந்திரத்தின் அடிப்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்தவனில்லை. ஆயினும் 'படிச்சவங்க' என்று ஒருவர் வந்து கேட்டுவிட்டால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல நம்மவர்களுக்கு நா எழுவதில்லை. "தாராளமாக வாங்குங்கள், அம்மா. ஒருநாளைக்குப் பத்துச் சேலை முடிக்கலாம்" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆவணி மாதத்தில் ஒரு கல்யாண வீட்டார் அவரிடம் 11 சேலைகள் கொடுத்தார்கள். புது யந்திரத்தின் தைரியத்தில் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். முகூர்த்தத்தன்று மணப்பெண்ணின் அத்தை உடுத்தியிருந்த சேலையில், கால்மெட்டி எங்கோ ஒரு நூல் நுனியைப் பற்றி இழுத்திருக்கிறது. ஒரு முழம், இரண்டு முழம் என்று இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் ஃபால்ஸ் முழுதும் மள மளவென்று பிரிந்து தரையில் புரண்டது. பின்னால் வந்தவர் அதன்மேல் காலை வைக்க, சேலையும் கிழிந்தது. மற்றப் பத்துச் சேலைகளும் திரும்பி வந்தன. அவற்றையெல்லாம் அந்த அம்மாள் இரவு இரவாக உட்கார்ந்து பழையபடி கையால் தைத்துக் கொடுத்தார். கிழிந்த சேலைக்குப் பணமும் கொடுத்தார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மகளின் காதில் இருந்த தோடு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். சண்டை போட வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்க சொன்ன மெஷின்லே நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன் போலிருக்கு, சார். எப்படித் தைக்கணும்னு ஒருதடவை சொல்லிக் குடுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் நான் அந்த யந்திரத்தை மேஜைமேல் வைத்து, பாட்டரியைக் கழற்றிவிட்டு, சிறிய சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாங்கின அன்றே செய்திருக்க வேண்டிய காரியம்.

விஷயம் இதுதான். ஊசி நூலுடன் துணிக்குள் இறங்குகிறது. அடியில் உள்ள ஒரு சின்னக் கொக்கி அந்த நூலை வளையமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துணி நகர்கிறது. ஊசி மறுபடியும் இறங்கி, அந்த வளையத்துக்குள்ளேயே இரண்டாவது வளையத்தை விடுகிறது. இரண்டாவதற்குள் மூன்றாவது, மூன்றாவதற்குள் நான்காவது. பூக்காரி கட்டும் சரம் அல்ல இது. பூச்சரத்தில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு முடிச்சு உண்டு. இங்கே முடிச்சே கிடையாது. ஒவ்வொரு தையலையும் அதற்கு அடுத்த தையல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசித் தையலைப் பிடிப்பதற்கு மாத்திரம் ஆள் இல்லை. அதன் நுனியை இழுத்தால் அது விடும். அது விட்டால் அதற்கு முந்தியது விடும். இப்படியே ஆரம்பம் வரையில் போய்விடும். அடிப்பக்கத்தில் பார்த்தால் சங்கிலி போலத் தோன்றுவதால் இதைச் சங்கிலித் தையல் என்கிறார்கள். என் மனைவி முதல் நாளே 'அடிப்பக்கம் வேறு மாதிரி' என்று கண்டுபிடித்தது இதைத்தான்.

கடையிலுள்ள பெரிய யந்திரத்திலோ இரண்டு நூல்கள். மேலே உருளையிலிருந்து ஒன்று. கீழே பாபினிலிருந்து ஒன்று. மேல் நூலின் வளையத்துக்குள் கீழ் நூல் புகுந்து, இரண்டும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. ஓர் இடத்தில் அறுந்தால் அந்த இடம் மட்டுமே விடும்; சரசரவென்று ஓடாது. மேலும், அந்த யந்திரங்களிற் பலவற்றில் தையலின் முடிவில் ஒரு நெம்புகோலை அமுக்கித் துணியைப் பின்னோக்கி இரண்டு தையல் ஓட்டிவிடலாம். என் கையடக்க யந்திரத்துக்கு முன்னே போகத் தெரியுமே தவிரப் பின்னே வரத் தெரியாது. நூலின் இறுக்கத்தைச் சரிப்படுத்த ஒரு சிறு திருகு உண்டு. அது தன் இஷ்டப்படி தளர்ந்துகொள்ளும். தடித்த துணியைக் கொடுத்தால் முனகிக்கொண்டு நின்றுவிடும். மெல்லிய துணியைக் கொடுத்தால் உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்ளும். பாட்டரி தளரத் தளரத் தையல் இங்கொன்றும் அங்கொன்றும் தப்பும். சங்கிலியில் ஒரு கண்ணி தப்பினால் என்ன ஆகுமென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே நூல்தானே, சிக்கனமாக இருக்குமே என்றும் எண்ணவேண்டாம். சங்கிலித் தையல் அதே நீளத்துக்கு, பூட்டுத் தையலின் இரண்டு நூல்களும் சேர்ந்து சாப்பிடுவதைவிட அதிக நூலைச் சாப்பிடும். ஊசிக்கு மறைப்பும் சரியாக இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் பாட்டரியுடன் வெளியே வைப்பது ஆபத்து.

இந்தச் சங்கிலித் தையல் ஒன்றும் புதியதல்ல என்பதைப் புத்தகங்களைப் புரட்டியபோது கண்டு எனக்கு வெட்கமாகிவிட்டது. பிரான்சு தேசத்துத் தையற்காரர் பார்த்தலெமி திமோனியே என்பவர் 1830-ஆம் வருஷத்தில் உரிமை பெற்ற யந்திரமே சங்கிலித் தையல் யந்திரந்தான். பாரிஸ் நகரத்தில் 80 யந்திரங்களை வைத்துக்கொண்டு ராணுவத்துக்கு உடுப்புத் தைத்தார். 'எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது' என்று மற்றத் தையற்காரர்கள் 1831-இல் கூட்டமாகப் புகுந்து அவற்றை உடைத்தெறிந்தார்கள். திமோனியே 1857-இல் ஏழையாகவே இறந்தார். பூட்டுத் தையலுக்கு அமெரிக்காவில் 1846-ஆம் வருஷம் உரிமை பெற்றவர் எலியாஸ் ஹோ. ஊசியின் கண்ணைக் கூர்முனைக்கு அருகில் வைத்ததும், கீழே ஓர் ஓடம் நூலை எடுத்துக்கொண்டு ஓடியதும் அந்த யந்திரத்தின் சாரம். ஐஸக் சிங்கர் 1851-இல்தான் வந்தார். ஹோவுடன் வழக்காடித் தோற்று, உரிமைப் பணம் கொடுத்தார். ஆனால் உலகம் முழுவதும் நிலைத்த பெயர் சிங்கருடையது. 1856-ஆம் வருஷத்திலேயே மாதத் தவணைக்கு யந்திரம் விற்கலாம் என்று அவருடைய கம்பெனி கண்டுபிடித்ததும் அதற்கு ஒரு காரணம்.

சிங்கர் என்றதும் காந்திஜியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யந்திரங்களே கூடாது என்று சொன்னவர் அவர் என்று என் மாணவர்கள் பரீட்சையில் எழுதுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. 1924-ஆம் வருஷம் தில்லியில் அவர் உபவாசம் முடித்துப் படுத்திருந்த சமயம், சாந்திநிகேதனத்தில் படித்த இளைஞர் ராமச்சந்திரன் இதைப் பற்றியே அவரைக் குடைந்து கேட்டார். தம்முடைய விரோதம் யந்திரத்தோடு அல்ல, யந்திர மோகத்தோடுதான் என்றார் காந்திஜி. விலக்காக அவர் எடுத்துச் சொன்ன முதல் உதாரணம் சிங்கர் தையல் யந்திரம். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்ந்துபோவதைக் காணப் பொறாமல், அன்பினால் செய்யப்பட்ட யந்திரம் அது என்பது அவர் கருத்து. இளைஞரும் விடவில்லை, தையல் யந்திரத்தைச் செய்வதற்குப் பெரிய யந்திரங்கள் உள்ள தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார். அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் ராஜாங்கத்தின் உடைமையாகவோ அதன் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டுமென்று மகாத்மா பதில் சொன்னார். அந்த ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மாளுடன் சேர்ந்து, 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை ஸ்தாபித்தவர். எங்கள் ஊரிலிருந்து வத்தலக்குண்டு வழியாகப் பஸ் ஏறினால் காலையில் போய் மாலைக்குள் அதைப் பார்த்துத் திரும்பிவிடலாம்.

மனைவிக்காக இரங்கிய கதை சிங்கரைவிட ஹோவுக்கே அதிகம் பொருந்தும். வறுமையில் ஹோவின் மனைவி அயலார் துணிகளைத் தைத்துக் குடும்பம் நடத்தினார். கணவருக்கு நல்ல காலம் வருவதற்குள் இறந்தும் போனார். சிங்கர் மகாசயருக்கோ பல மனைவிகளும் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் உண்டு. அவர் எந்த மனைவிக்காக இரங்கினார் என்று கண்டுபிடிப்பது சரித்திர ஆசிரியர்களுக்கும் கஷ்டம். அது போகட்டும். கதை யாருடையதானாலும் காந்திஜி பிடித்த அளவுகோல் சரியானது. யந்திரம் தைக்கிறவருடைய முதுகை நிமிர்த்துகிறதா என்று அவர் பார்த்தார். நான் என்ன பார்த்தேன்? அது சட்டைப் பைக்குள் நுழைகிறதா என்று பார்த்தேன்.

அந்த அம்மாளுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது ஒரு நல்ல பெரிய யந்திரம். தமிழ்நாட்டு அரசாங்கத்தில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம் என்று ஒன்று உண்டு. விதவைகளுக்கும், கைவிடப்பட்டவர்களுக்கும், ஏழைப் பெண்களுக்கும் இலவசமாகத் தையல் யந்திரம் கொடுக்கிறார்கள். 20 முதல் 40 வயதுக்குள் இருக்க வேண்டும். தையல் கற்றதற்குச் சான்றிதழும் வேண்டும். அம்மாளுக்கு நாற்பது கடந்துவிட்டது. சான்றிதழோ அவர் விரல்களில் இருந்ததே ஒழியக் காகிதத்தில் இல்லை. புதிதாக வாங்குவதென்றால் சில ஆயிரம் ரூபாய். தோட்டை வைத்துப் பணம் வாங்கியவரிடம் அதைச் சொல்ல முடியுமா?

அப்போது என் தாயார் குறுக்கிட்டாள். "பரண்மேலே அப்பத்தா மெஷின் கிடக்கே, அது என்னத்துக்கு ஆகும்? பழைய இரும்புக்கா போடப் போறே?" என்று கேட்டாள்.

என் பாட்டி தவணையில் வாங்கிய சிங்கர் அது. ஸ்காட்லாந்து தேசத்தில் க்ளைட்பாங்க் என்ற ஊரில் 1980-ஆம் வருஷத்தில் மூடப்பட்ட பெரிய தொழிற்சாலையில் செய்தது. காலால் மிதிப்பதல்ல, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றித் தைப்பது. மரப் பெட்டியைத் திறந்தால் கறுப்பு உடம்பில் தங்கப் பூ வேலை இன்னும் அழியாமல் இருந்தது. ஆனால் சக்கரம் அசையவில்லை; பாட்டி விட்ட எண்ணெய் பசையாகி இறுகிப்போயிருந்தது. கடைத்தெருவில் மெக்கானிக் ஒருவர் அதைக் கையில் வாங்கியபோது, தூரத்து உறவினரை ரயிலடியில் கண்டவர்போல முகம் மலர்ந்தார். பாகம் பாகமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். நாலாம் நாள் கைப்பிடியை ஒருமுறை சுற்றினார்; ஓடம் போன்ற அதன் ஷட்டில் 'கடக் கடக்' என்று முன்னும் பின்னும் ஓடிற்று. கூலி 700 ரூபாய். என் கையடக்க யந்திரத்தின் விலைக்கு இரண்டு பங்கு. பேரம் பேசவில்லை.

இதிலும் குறை இல்லாமலில்லை. வலது கை கைப்பிடியில் மாட்டிக்கொள்வதால், துணியை நடத்துவதற்கு இடது கை ஒன்றே மிச்சம். வளைவான தையலுக்கும் ரவிக்கைக் கைக்கும் இது பெரிய இடைஞ்சல். கால்மிதி யந்திரக்காரர்கள் இரண்டு கைகளும் சுதந்திரமாக, இரண்டு பங்கு வேகமாகத் தைப்பார்கள். கனமோ, ஒரு குழந்தையைத் தூக்குகிற கனம். ஆயினும் சேலை ஓரம் நேர்க்கோடுதானே? நேர்க்கோட்டுக்கு ஒரு கை போதும். மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம், நோயாளி தூங்குகிற அறையில் மெல்லச் சுற்றினால் சப்தமும் அதிகமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டுத் தையல். அம்மாளிடம் அதைக் கொண்டுபோய் வைத்தபோது, அவர் முதலில் ஒரு துண்டுத் துணியில் தைத்து, நூல் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அறுந்தது, பிரியவில்லை. அப்புறந்தான் சிரித்தார்.

சும்மா வாங்கிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. மாதம் நூறு ரூபாய் வாடகை என்று தாமே சொன்னார். பாட்டியும் தவணையில் வாங்கியதுதானே என்று என் தாயார் ஒப்புக்கொண்டுவிட்டாள். இப்போது அவர் சீருடைத் தையலும் கற்றுக்கொள்கிறார். சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு எட்டாம் வகுப்பு வரையில் அரசாங்கம் கொடுக்கும் நான்கு ஜோடி உடுப்புகளைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள். அதில் சேர்ந்துவிட வேண்டுமென்பது அவருடைய உத்தேசம்.

இனி, என் சிறிய யந்திரத்தைப் பற்றி அவதூறாக மட்டுமே எழுதிவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. அதன் பெரிய அண்ணன் ஒருவர் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் கௌரவமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறார். கம்பம் பக்கத்து அரிசி ஆலைகளிலும், போடியின் ஏலக்காய்க் கிட்டங்கிகளிலும் அவரைப் பார்க்கலாம். சாக்குத் தைக்கும் யந்திரம். ஐந்தாறு கிலோ கனம். மேலே கயிற்றில் தொங்கவிட்டு, ஒற்றைக் கையால் பிடித்து மூட்டையின் வாயில் ஓட்டுகிறார்கள். நாலைந்து விநாடியில் வாய் மூடிவிடுகிறது. இதுவும் கையடக்கந்தான், இதுவும் சங்கிலித் தையல்தான், இதுவும் பிரியும். ஆனால் மூட்டைக்குப் பிரிவதுதான் வேண்டும்! வாங்கினவர் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் திறந்துகொள்ளத்தானே தைக்கிறோம்? கல்யாணச் சேலையில் குடும்பத்தைக் கெடுத்த குணம், அரிசி மூட்டையில் குடும்பஸ்தனுக்கு வரப்பிரசாதமாகிறது. ஒரு முனையிலிருந்து இழுத்தால் முழுதும் வரும். மறுமுனையிலிருந்து இழுத்தால் உயிரே போனாலும் வராது. எது அந்த முனை என்று தெரியாமல், அரிவாள்மணையைத் தேடிச் சாக்கைக் கிழித்தவர்களில் நானும் ஒருவன். ஒற்றைச் சங்கிலி அடிப்பக்கத்தில் தெரியுமல்லவா? முன்பக்கத்தை நோக்கி நின்றுகொண்டு, தையல் முடிந்த முனையில் நூலை அறுத்து இழுத்துப் பாருங்கள். ஆலைக்காரர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஆகையால் கையடக்க யந்திரம் வைத்திருக்கும் நேயர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. தொங்குகிற திரை, தலையணை உறை, பிரயாணத்தில் விட்டுப்போன தையல் இவற்றுக்கு அதைக் கூசாமல் உபயோகியுங்கள். முடிவுக்கு வந்ததும் நூலைத் தாராளமாக விட்டு வெட்டி, நுனியைக் கடைசி வளையத்துக்குள் நுழைத்து இழுத்து, சாதாரணக் கை ஊசியால் இரண்டு தையல் போட்டு முடிச்சிடுங்கள். அந்த இரண்டு தையலில்தான் உயிர் இருக்கிறது. பாட்டரியைக் கழற்றி வையுங்கள். மறந்தால் அது கசிந்து உள்ளே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். எடுத்து வைக்குமுன் ஒரு சொட்டு எண்ணெய். உடுத்தும் துணியை, அதிலும் அயலார் உடுத்தும் துணியை, அதில் தைக்காதீர்கள்.

சென்ற வாரம் அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். தோடு மகளின் காதுக்குத் திரும்பியிருந்ததை நான் வகுப்பிலேயே கவனித்திருந்தேன்.

"சார், இந்தக் கை மெஷினுக்கு மோட்டார் வச்சா நல்லாயிருக்கும்னு சொல்றாங்க. வைக்கலாமா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் நாக்கு நுனிவரையில் வந்துவிட்டது. அடுப்பங்கரை வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது, அம்மா. கடைத்தெரு மெக்கானிக்கைக் கேளுங்கள்" என்றேன்.